ஈர்க்கில் கட்டும் அளவு நாடாவும்

நூறு வரைக்கும் கடகடவென்று சொல்லும் ஒரு பிள்ளையிடம் "ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் எண்ணி ஏழைத் தரும். சில பிள்ளைகள் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணத் தொடங்கி, ஏழு வந்த பிறகும் நிற்காமல் கிண்ணத்தில் இருப்பது முடியும்வரை எண்ணிக்கொண்டே போகும். ஏழு என்பது அந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டின் நடுவில் வரும் சொல். 'இத்தனை' என்கிற அளவாக அது இன்னும் ஆகவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்த ஏன் சொல்கிறார்கள் என்று அதற்கு விளங்காது.

என்னுடைய பெறாமகள் இந்த இரண்டாவது வகை. 2020 ஜனவரியில் நேர்சரிக்குப் போகத் தொடங்கினாள். மார்ச் மாதம் கொரோனாவுக்காக எல்லாம் மூடினார்கள். அதற்குப் பிறகு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது என்று இரண்டு வருடம் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். நேர்சரியிலிருந்து வட்ஸ்அப்பில் படம் வரும்: புள்ளிக்கோட்டில் 1 முதல் 100 வரை எழுதவேண்டும். அக்கா அதைப் பிரதி எடுத்து வந்து கொடுப்பா. குட்டி எழுதுவாள். எழுதினதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 2021 நடுப்பகுதியில் ஒருநாள் போனில், "பிள்ளை கொஞ்சம் ஸ்லோ. தரம் ஒண்டுக்குப் போகக் கஷ்டப்படும்" என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்பது இங்கே முக்கியமில்லை. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து செய்த வேலைதான் முக்கியம். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. அத்தான் கட்டாரிலிருந்து எடுத்து, "காசு அனுப்புறன், என்ன சாமான் வேணுமோ வாங்குங்க" என்றார். அக்கா எனக்குச் சொன்னா: "நீதானே மெட்ஸ் படிச்சனீ. என்ன வாங்கிறது எண்டு பாத்துச் சொல்லுகா."

உயர்தரத்தில் கணிதம் படித்ததற்கும் அஞ்சு வயதுப் பிள்ளைக்கு ஏழைக் காட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அக்கா கேட்டது நல்ல கேள்வி. எதை வாங்குவது? எதற்காக வாங்குவது?

முதலில் எல்லோரும் காட்டியது மொண்டிசூரிப் பொருட்கள். எங்கள் ஊரில் 'மொண்டிசூரி' என்றால் எந்த முன்பள்ளிக்கும் பொதுப்பெயர். கதிரை, ஊஞ்சல், சுவரில் மிக்கி மவுஸ் இருந்தால் மொண்டிசூரி. மரியா மொண்டிசூரி என்று ஓர் ஆள் இருந்தார், அவர் 1939 நவம்பரில் சென்னைக்கு, அடையாறுக்கு, வந்திறங்கினார், போர் நடந்ததால் ஊர்திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், அதில் கொஞ்சக்காலம் கொடைக்கானலில் பிள்ளைகளோடு வேலை செய்தார் என்பதெல்லாம் பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் அவருடைய பொருட்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஆசை வந்தது. பொன்னிற மணிகள்: ஒரு தனிமணி, பத்து மணி கோத்த ஒரு கம்பி, பத்துக் கம்பி சேர்ந்த ஒரு சதுரம், பத்துச் சதுரம் அடுக்கிய ஒரு கனம். ஆயிரம் என்பதைக் கையில் தூக்கிப் பார்க்கலாம், ஒன்றைவிட ஆயிரம் எவ்வளவு பாரம் என்று கை சொல்லும். எங்கள் காலத்தில் யாராவது ஆயிரத்தைத் தூக்கக் கொடுத்தார்களா?

விலை கேட்டோம். அக்கா தையல் வேலை செய்கிறவ. இரண்டு மாதம் இரவுபகலாகத் தைத்தாலும் அந்தப் பெட்டிக்குக் காணாது. அத்தானுடைய காசு வீட்டுக்கடனுக்குப் போகிறது. அதோடு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த காலம் அது. கொழும்பில் இருந்ததும் பழைய கையிருப்புத்தான்.

சரி, பெட்டி வேண்டாம். அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம் என்று யோசித்தேன். மொண்டிசூரிப் பொருட்களில் ஒன்று கதிர்ப்பெட்டி. பத்து அறை, 0 முதல் 9 வரை எண் எழுதியிருக்கும். மரக்குச்சிகள் மொத்தம் 45. ஏன் 45? ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டிப் பாருங்கள். பிள்ளை ஒவ்வொரு அறைக்கும் எண்ணி எண்ணிப் போடவேண்டும். எங்கேயாவது ஒன்று கூடப் போட்டுவிட்டால் கடைசி அறைக்கு வரும்போது குச்சி காணாது. ஒன்று குறையப் போட்டால் கையில் மிஞ்சும். பிழை என்று பக்கத்தில் இருக்கிற பெரிய ஆள் சொல்லத் தேவையில்லை, குச்சியே சொல்லும். பூச்சிய அறை கடைசிவரைக்கும் வெறுமையாகக் கிடக்கும்.

இதற்கு மரம் எதற்கு? வளவில் தென்னை நிற்கிறது. ஈர்க்கில் விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி உருவி, ஒரே நீளத்துக்கு 45 வெட்டினோம். பத்து யோகட் கப் கழுவிக் காயவைத்து எண் எழுதினோம். முதல்நாள் குட்டி 0 என்ற கப்பில் ஒரு ஈர்க்கில் போட்டாள். "ஏன் போட்டாய்?" என்று கேட்டேன். "பாவம், அதுக்கு ஒண்டும் இல்ல" என்றாள். கடைசியில் ஒன்பதாவது கப்புக்கு எட்டுத்தான் இருந்தது. அவள் எல்லாக் கப்பையும் ஒருமுறை பார்த்தாள். பூச்சியத்திலிருந்து அந்த ஒன்றை எடுத்து ஒன்பதில் போட்டுவிட்டு, "அது சும்மா இருக்கட்டும்" என்றாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாலாம்நாள், "ஏழு ஈர்க்கில் தா" என்றால் ஏழில் நின்றாள். ஸ்லோ என்று சொன்ன பிள்ளை.

அன்றிலிருந்து நான் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: பிள்ளை பிழை விட்டால் இந்தச் சாமான் தானாகச் சொல்லுமா, இல்லை நான் சொல்ல வேண்டுமா? கடையில் விற்கிற பிளாஸ்டிக் எண்கள் (குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டுகிறது) இந்தக் கேள்வியில் உடனே விழுந்துவிடும். அது எண்ணின் படம் மட்டும்தான். 7 என்ற வளைவுக்குள் ஏழு எங்கே இருக்கிறது? எண்கள் எழுதிய சுவர்ப்படமும் அப்படித்தான். சுவருக்கு அழகு.

மற்றக் கேள்வி, எண்ணாமலே பார்க்க முடியுமா என்பது. இது கொஞ்சம் விளக்கவேண்டிய விஷயம். மூன்று மாங்காயைப் பார்த்தால் நீங்கள் எண்ணுவதில்லை, மூன்று என்று தெரிகிறது. எட்டு மாங்காய் சிதறிக் கிடந்தால் எண்ணத்தான் வேண்டும். ஆனால் ஐந்தும் மூன்றுமாக அடுக்கியிருந்தால் மறுபடியும் எண்ணத் தேவையில்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் இந்த அடுக்கலில்தான் நிற்கிறது. விரல் விட்டு எண்ணி எண்ணியே கூட்டுகிற பிள்ளை பெரிய எண் வந்தவுடன் களைத்துப்போகும். பிறகு 'எனக்குக் கணக்கு வராது' என்று தானே முடிவெடுக்கும். அப்படி முடிவெடுத்த எத்தனை பேரோடு நான் படித்தேன்!

அதற்கு எங்களுக்குக் கிடைத்த சாமான் முட்டைத் தட்டு. முப்பது முட்டை வைக்கிற அட்டைத் தட்டு, ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. அதை இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு வரும். ஏழு புளியங்கொட்டையைப் போட்டால் மேல்வரிசை நிரம்பி, கீழே இரண்டு. மூன்று குழி வெறுமை. ஏழு என்பது ஐந்தும் இரண்டும், அதே நேரம் பத்துக்கு மூன்று குறைவு. ஒரு பார்வையில் இரண்டும் தெரிகிறது. 7+5 என்றால் இரண்டு துண்டை வைத்து, ஐந்திலிருந்து மூன்றை எடுத்து வெறுமைக் குழியை நிரப்பிவிட்டு, "பத்து, பிறகு ரெண்டு" என்று அவள் சொல்லும்போது நான் கூட்டலைச் சொல்லிக்கொடுத்ததாகவே நினைவில்லை. முட்டைத் தட்டுக்கு ஐந்து சதம் கொடுக்கவில்லை. முட்டை விலை பிறகு ஏறினது வேறு கதை.

விதைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படுவான்கரைப் பக்கம் வேலியோரத்தில் குன்றிமணி கிடைக்கும். சிவப்பு, ஒரு பக்கம் கறுப்புப் பொட்டு, பார்க்க நல்ல அழகு. எண்ணுவதற்கு நல்லது என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். அது நஞ்சு. உடைத்தோ கடித்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுக்கச் சிவப்பாய் இருக்கும் மஞ்சாடி வேறு, அதோடு இதைக் குழப்பவேண்டாம். எங்கள் வீட்டில் அப்போது தம்பிக்காரன் இரண்டு வயதில் இருந்தான், கண்ணில் படுவதெல்லாம் வாய்க்குள் போகும். ஆகவே மஞ்சாடியும் வேண்டாம் என்று புளியங்கொட்டையில் நின்றோம். அதுவும் அவன் தூங்கின பிறகுதான் வெளியே வரும். அவன் முழித்திருக்கும் நேரத்துக்கு ஈர்க்கிலும் சிரட்டையும்.

இனிப் பத்து. பத்து ஈர்க்கிலை ஒரு ரப்பர் பட்டியால் கட்டினால் ஒரு கட்டு. பத்துக் கட்டை அக்காவின் துணித்துண்டால் சேர்த்துக் கட்டினால் நூறு. கடைப் பெட்டிகளில் பத்து என்பது ஒரு முழுக்கட்டையாகவோ ஒட்டின கம்பியாகவோ வரும். அதிலிருந்து மூன்றை எடு என்றால் எடுக்க முடியாது, கொடுத்துவிட்டுப் பத்துத் தனிமணி மாற்றி வாங்க வேண்டும், பத்து ரூபா தாளை மாற்றுகிற மாதிரி. அது ஏழு வயதுக்கு நல்லது. அஞ்சு வயதுக்கு மாற்றுவது விளங்காது, அவிழ்ப்பது விளங்கும். கட்டை அவிழ்த்தால் உள்ளே இருந்த அதே பத்துத்தான் வெளியே வருகிறது, எங்கேயும் போகவில்லை என்று அவளுக்கே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் விளக்குமாறு மொண்டிசூரியை வென்றுவிட்டது என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். ஆயிரத்துக்கு வரும்போது மணிக்கனம்தான் வெல்லும், அதையும் சொல்லவேண்டும். ஆயிரம் ஈர்க்கில் உருவினால் அம்மம்மா முற்றம் கூட்ட ஒன்றும் மிஞ்சாது.

2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் இல்லை, ஆகவே வட்ஸ்அப் பாடமும் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டில் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த காலம். அந்த இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் அக்கா கையால் தெறி தைக்க, பக்கத்தில் குட்டி தெறிப்பெட்டியைக் கொட்டிப் பிரிப்பாள். இரண்டு ஓட்டைத் தெறி, நாலு ஓட்டைத் தெறி. "மூண்டு தெறி, நாலு ஓட்டை. எத்தினை தரம் ஊசி போகும்?" என்று அக்கா கேட்பா. அது பெருக்கல் என்று இருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து கிடைத்த பெரிய சாமான் அளவு நாடா. பழசு, ஒரு நுனி கிழிந்தது. ஒரு பக்கம் 60 அங்குலம், மற்றப் பக்கம் 150 சென்ரிமீற்றர். யோசித்துப் பாருங்கள், ஒன்றிலிருந்து 150 வரை ஒரே இடைவெளியில் எண் எழுதிய கோடு, சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைக்கலாம், தையல் வேலை நடக்கிற வீட்டிலெல்லாம் கிடக்கிறது. டெல்லியில் ஜோடோ ஞான் என்ற அமைப்பு 'கணித மாலை' என்று ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது: நூறு மணி, பத்துக்குப் பத்தாக இரண்டு நிறம் மாறி மாறிக் கோத்தது. 28 எங்கே என்று கேட்டால் பிள்ளை ஒன்றிலிருந்து எண்ணாது. இரண்டு பத்தைத் தாண்டி எட்டுப் போகும், அல்லது மூன்று பத்துக்குப் போய் இரண்டு பின்னால் வரும். அந்த யோசனையை நாடாவில் செய்தோம். சிவப்புக் கியூடெக்ஸால் ஒன்றுவிட்டொரு பத்துக்கு விளிம்பில் பூச்சு. உடுப்புக் கிளிப் ஒன்று. "கிளிப்பை 28இல போடு. இப்ப 30க்கு எத்தினை பாயவேணும்?" நாடா கதவு நிலையிலிருந்து யன்னல்வரை கட்டிக் கிடக்கும். அதைக் குனிந்து கடந்துதான் எல்லாரும் குசினிக்குப் போவோம்.

இதில் ஒரு மொழி விஷயமும் உண்டு. குட்டிக்கு யூரியூப் தயவால் இங்கிலீஷில் நூறு வரை வரும். தமிழில் இருபதோடு நின்றுவிடும். தமிழில் எண்ணுவதைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று அத்தான் நினைத்தார். ஆனால் நாடாவோடு வேலை செய்யும்போது நான் கவனித்தது: இங்கிலீஷில் 'லெவன்', 'ருவெல்வ்' என்றால் உள்ளே பத்து இருப்பது காதில் விழாது. பதினொண்டு என்றால் பத்தும் ஒன்றும் வெளியே நிற்கிறது. இருபத்தெட்டு என்றால் இரண்டு பத்தும் எட்டும். கட்டைப் பார்த்துக்கொண்டே வாயால் சொல்வதுபோல. தமிழ் ஒரே இடத்தில்தான் காலைவாரும்: எண்பத்தொன்பதுக்குப் பிறகு. "எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, எண்பத்திப்பத்து" என்றாள் ஒருநாள். பிறகு "ஒன்பது பத்து" என்று தானே திருத்தினாள். தொண்ணூறு என்று சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "அதுக்குள்ள ஏன் நூறு இருக்கு? இன்னும் நூறு வரேல்லயே!" நியாயமான கேள்வி. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் அடுத்த பெரிய எண்ணின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. அதற்கு நான் மொழியியல் விளக்கம் கொடுக்கவில்லை. "அதுக்கு அவசரம்" என்றேன். ஏற்றுக்கொண்டாள்.

பழைய தமிழ் எண்குறிகள் எனக்கு அப்போதுதான் உறைத்தன. பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள். 234 என்பதை ௨௱௩௰௪ என்று எழுதுவார்கள், அதாவது இரண்டு நூறு, மூன்று பத்து, நாலு. வாயால் சொல்வதை அப்படியே எழுதுகிறது. பிள்ளைகள் எல்லாரும் ஆரம்பத்தில் விடும் ஒரு 'பிழை' உண்டு: இருநூற்று முப்பத்துநாலு எழுது என்றால் 200304 என்று எழுதுவார்கள். பழைய கணக்காளர் ஒருவர் பார்த்தால் அதைப் பிழை என்று சொல்லமாட்டார். இடத்தைப் பார்த்து மதிப்பைச் சொல்லும் இன்றைய முறை கெட்டித்தனமானது, சுருக்கமானது, ஆனால் பிள்ளைக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம். ஆகவே அட்டையில் 200, 30, 4 என்று மூன்று நீளத்தில் வெட்டி, வலது ஓரத்தைச் சேர்த்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தோம். பூச்சியங்கள் மறைந்து 234 வரும். தூக்கினால் 200 மறுபடி வெளியே வரும். குட்டி அட்டையைத் தூக்கி எட்டிப் பார்த்து, "பூச்சியம் உள்ளுக்க ஒளிச்சிருக்கு" என்பாள். பிறகு தம்பிக்காரன் வந்து 30ஐத் தின்றுவிட்டான். புதிதாக வெட்டினோம்.

நிறக் கோல்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இணையத்தில் தேடுகிற எல்லாருக்கும் அதுதான் முதலில் வரும். பெல்ஜியத்தில் துவான் என்ற ஊரில் ஜோர்ஜ் குய்சனேர் என்ற ஆசிரியர் செய்தது. 1952இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார், கலேப் கத்தெஞ்ஞோ என்பவர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். பத்து நீளம், பத்து நிறம். வெள்ளை 1 சென்ரிமீற்றர், சிவப்பு 2, இப்படி நீண்டு செம்மஞ்சள் 10. கோலில் கோடோ எண்ணோ இருக்காது. அதுதான் அதன் கெட்டித்தனம்: பிள்ளை எண்ணமுடியாது, ஒப்பிடத்தான் முடியும். மஞ்சளும் சிவப்பும் சேர்த்து வைத்தால் கறுப்பு நீளம். ஓவியத்தில் சொன்னால் சிரிப்பார்கள், இங்கே அது 5+2=7. நல்ல சாமான். ஆனால் ஏழில் நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் கறுப்பு என்ற நிறப்பெயரைத்தான் படிக்கும். நாங்கள் ஒரு வருடம் பொறுத்து, அவளுக்கு ஆறு வயது வந்த பிறகு, பிஸ்கட் பெட்டி அட்டையில் நாடாவால் அளந்து வெட்டி நிறம் பூசிக் கொடுத்தோம். அட்டைக்கோல் கொஞ்சம் வளையும், மழைக்காலத்தில் ஊறும். மரத்தில் வாங்க வசதியுள்ளவர்கள் வாங்குங்கள், காசுக்குப் பழுதில்லை. மணிச்சட்டம் வைத்து வேகமாகக் கணக்குச் செய்யும் வகுப்புகளுக்கு மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஐந்து வயதுக்கு வேகம் எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வாவிக்கரையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. அது சாமானே இல்லை, சந்தை. மீன்காரர் இறாலைத் தட்டில் கொட்டிக் கூறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தராசு இல்லை. ஒவ்வொரு கூறுக்கும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார், பெரிசு ஒன்று இங்கே வந்தால் சின்னது இரண்டு அங்கே. வகுத்தலை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டமுடியாது. குட்டி வீட்டுக்கு வந்து புளியங்கொட்டையில் கூறு போட்டாள். பதினாலைக் மூன்று கூறாக்கினால் கூறுக்கு நாலு, மிச்சம் இரண்டு. "மிச்சம் பூனைக்கு" என்றாள். மீதியுடன் வகுத்தல் பள்ளிக்கூடத்தில் வரும்போது அவளுக்குப் பூனைதான் ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன். அம்மம்மா அரிசி அளக்கும்போது நாலு சுண்டு ஒரு கொத்து என்பதும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ரின்பால் பேணிதான் சுண்டு. மூன்று சுண்டு போட்டுவிட்டு, "இன்னும் ஒரு சுண்டு இருந்தா கொத்து" என்று சொல்கிற பிள்ளைக்கு முக்கால் என்ற சொல் மட்டும்தான் தெரியாது.

முற்றத்தில் குழி தோண்டிப் பல்லாங்குழியும் விளையாடினோம். ஏழும் ஏழுமாகப் பதினாலு குழி. ஒரு குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர் வெல்வார். அம்மம்மா எண்ணுவதே இல்லை, பார்த்துவிட்டு அள்ளுவா. அவ மூன்றாம் வகுப்போடு நின்றவ. குட்டி முதலில் தோற்று அழுதாள், பிறகு அள்ளுமுன் விரலால் குழிகளைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள், பிறகு கண்ணால். ஒரு மாதத்தில் என்னை வென்றாள். அம்மம்மாவை இன்னும் யாரும் வெல்லவில்லை.

இதையெல்லாம் கேட்ட சிநேகிதி ஒருத்தி, "அப்ப பேசாம வீட்டிலேயே படிப்பிக்கலாமே, பள்ளிக்கூடம் எதுக்கு?" என்றாள். வீட்டுக்கல்வி பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் படுவான்கரையில் எங்கள் அம்மா பத்தாம் வகுப்புப் பார்த்திருக்கமாட்டா. வீட்டில் ஒரு சித்தி சும்மா இருந்தாள், ஒரு அம்மம்மா இருந்தா, அம்மாவின் தொழில் வீட்டுக்குள்ளேயே நடந்தது. இந்த மூன்றும் இல்லாத பிள்ளைக்கு யார் கூறு போட்டுக் காட்டுவது? தாய் வெளிநாட்டில், தகப்பன் வாவியில் என்று இருக்கிற எத்தனை வீடு எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. ஆகவே ஈர்க்கில் கட்டு வகுப்பறைக்குள்ளும் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் பாடத்திட்டமே தரம் 1, 2இல் விளையாட்டுக்குத்தான் முதலிடம் கொடுக்கிறது, காகிதத்தில் அது இருக்கிறது. நாற்பது பிள்ளைகளும் ஒரு ரீச்சரும் இருக்கிற வகுப்பில் நாற்பது விளக்குமாற்றை உருவ அந்த ரீச்சருக்கு நேரம் எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது.

2022இல் பாடசாலை வருடம் ஏப்ரலில்தான் தொடங்கியது. குட்டி தரம் 1க்குப் போனாள். இரண்டு மாதத்தில் எரிபொருள் இல்லை என்று மறுபடி மூடினார்கள். நான் ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டிச் சைக்கிளில் போவேன். 2014இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் பாதையில்தான் வாவியைக் கடந்தோம் என்று அவளுக்குச் சொன்னால், "பாதையில எத்தினை சைக்கிள் ஏறும்?" என்று கேட்பாள். ஜூலை பிற்பகுதியில் திறந்த பிறகு ரீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, "பிள்ளை விரல் விடாமக் கூட்டுது, ரியூசனுக்கு அனுப்புறீங்களா?" என்று கேட்டாராம். அக்கா வீட்டுக்கு வந்து கதவு நிலையில் கட்டியிருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றா. பிறகு அதை அவிழ்த்து ஒரு சட்டைக்கு அளவெடுத்தா. புதுநாடா அறுந்துபோய்விட்டதாம்.

தரம் 2இல் 42இலிருந்து 17ஐக் கழிக்கும் கணக்கு வந்தது. பக்கத்துப் பத்திடம் 'கடன் வாங்க வேண்டும்' என்று எல்லாரும் சொல்லுவார்கள். குட்டி மட்டும் "நான் கடன் வாங்கேல்ல, கட்டை அவிழ்க்கிறன்" என்று சொல்லி, கொப்பியில் நாலை வெட்டி மூன்று போட்டு, இரண்டைப் பன்னிரண்டாக்கினாள். ஈர்க்கில் இப்போது கையில் இல்லை. கட்டுகள் பரணில் கிடக்கின்றன, சிலதைத் தம்பிக்காரன் பட்டத்துக்கு எடுத்துவிட்டான்.

இப்போது வீட்டில் நடக்கும் சண்டை வேறு. ரொட்டியை இரண்டாக, நாலாக, எட்டாகப் பங்கிட அவளுக்குப் பிரச்சினை இல்லை. மடித்து மடித்து வெட்டுகிறாள். அரை, கால், அரைக்கால் என்று அம்மம்மாவின் சொற்களையே சொல்கிறாள். மூன்று பேருக்குச் சரிசமமாக ஒரு ரொட்டியை எப்படி மடிப்பது என்றுதான் தெரியவில்லை. அம்மம்மாவின் சொற்களிலும் மூன்றில் ஒன்றுக்கு ஒரு பெயரைக் காணோம். நேற்று அளவு நாடாவை ரொட்டியைச் சுற்றி வைத்து அளந்துகொண்டிருந்தாள். மாவாகிவிட்டது என்று அக்கா சத்தம் போட்டா. 57 சென்ரிமீற்றர் வந்தது என்று நினைக்கிறேன், அதை மூன்று கூறு போட இருந்தவள், அதற்குள் தம்பிக்காரன் ஒரு பக்கம் கடித்துவிட்டான்.